யாரும் சாகக் கூடாத தீவில் ஓர் அக்கா-தம்பி சண்டை

போன சனிக்கிழமை சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"சார், கிரீஸுக்கெல்லாம் போயிட்டு வந்தீங்களாம்! ஒரு வரி எழுதலையே... ரகசியப் பயணமா?"

திரும்பிப் பார்த்தேன். நம் பத்தியின் வாசகி ஒருவர். ஒரு கையில் முருங்கைக்காய், இன்னொரு கையில் குற்றச்சாட்டு. என்னத்தைச் சொல்ல? "எழுதுறேம்மா, எழுதுறேன்" என்று சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன்.

உண்மையை இப்போது சொல்லிவிடுகிறேன். எழுதக் கூடாது என்று எனக்குத் தடை. போட்டது வேறு யாருமில்லை, என் மனைவி லூர்து. "விஷயம் முடியட்டும், அப்புறம் எழுதுங்க. நடுவுல எதையாச்சும் எழுதிக் கெடுத்து வைக்காதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நாலு மாதமாக நானும் வாயையும் பேனாவையும் மூடி வைத்திருந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விஷயம் முடிந்தது. தடையும் நீங்கியது. ஆகவே, கிரீஸ்!

முதலில் ஒரு சந்தேகம் உங்களுக்கு வரும். எங்கள் குடும்பத்தில் வெளிநாடு என்றால் பாலம் தாண்டினால் வரும் மலேசியாவின் ஜோகூர். அதைத் தாண்டினால் வேளாங்கண்ணி. அப்படிப்பட்டவர்கள் கிரேக்கத் தீவுக்கு ஏன் போனோம்?

காரணம் சவரிமுத்து. லூர்துவின் ஒரே தம்பி. கப்பல் இன்ஜினியர். கிரேக்கக் கம்பெனி ஒன்றின் கப்பலில் வேலை. ஆறு வருடமாக வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

என் மாமனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். வாழ்நாள் முழுக்கக் கப்பலைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒரு நாளும் அதில் ஏற ஆசைப்படாதவர். மகனுக்குக் கரையில் ஒரு வேலை, எங்கள் கோயிலிலேயே நல்ல குடும்பத்துப் பெண் என்று எல்லாவற்றையும் பேசி வைத்திருந்தார். பெண் பார்க்கப் போக வேண்டிய வாரத்தில் சவரி கப்பல் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்றான். பெண் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டவர் மாமனார்தான். அதன் பிறகு ரொம்ப நாள், ஞாயிறு பூசைக்குப் பக்கவாட்டு வாசல் வழியாகத்தான் உள்ளே போவார்.

அன்றிலிருந்து அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. அக்காவுக்கு மட்டும் தபால் வரும்.

இந்த வருடம் மாமனாருக்கு நெஞ்சு வலி. இரண்டு தடவை ஆஸ்பத்திரி வாசம். மாமியார் முன்பே போய்விட்டார்; சவரியும் கிளம்பியதிலிருந்து உட்லண்ட்ஸ் ஃபிளாட்டில் தனியாக இருக்கிறார். ஃபேரர் பார்க்கில் எங்கள் வீட்டுக்கே வந்துவிடுங்கள் என்றால் காதில் விழாத மாதிரி டிவியைச் சத்தமாக வைப்பார். லூர்து பயந்துபோனாள். இரண்டு பேரும் இப்படியே முறைத்துக்கொண்டிருக்க, நடுவில் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பிறகு யார் யாரிடம் போய்ப் பேசுவது?

அந்த நேரம் பார்த்து சவரியின் கடிதம். கப்பல் ஒரு கிரேக்கத் தீவில் ரிப்பேருக்கு நிற்கிறது, சில வாரம் அங்கேதான் என்று எழுதியிருந்தான். லூர்து கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்.

"என்னங்க, லீவு போடுங்க. அவனை நேர்ல பார்த்துப் பேசி, வீட்டுக்கு வர்றேன்னு அவன் வாயால சொல்ல வைக்கணும்."

அவ்வளவுதான். என் அபிப்பிராயம் கேட்கப்படவில்லை.

இரண்டு பாட்டில் இகான் பிலிஸ் சம்பலோடு, அதாவது நெத்திலிச் சம்பலோடு, புறப்பட்டோம். ஏதென்ஸ் ஏர்போர்ட்டில் சுங்க அதிகாரி ஒரு பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். உடனே மூடினார். எங்களை வெகு மரியாதையாக வெளியே அனுப்பி வைத்தார். வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்கவில்லை!

மிகோனோஸ் என்ற தீவில் சந்திப்பதாக ஏற்பாடு. வெள்ளை வெளேரென்று வீடுகள், நீலக் கதவுகள், கண் கூசும் வெயில். துறைமுகத்தில் நின்றிருந்த தொப்பைக்காரர் ஒருவர் "அக்கா!" என்று ஓடி வந்தபோதுதான் அது சவரி என்று தெரிந்தது. லூர்து அவன் முதுகில் இரண்டு அறை வைத்தாள். பிறகு அழுதாள். அவன் சம்பல் பாட்டிலைத் திறந்து, அங்கேயே, நின்ற வாக்கில், ரொட்டியில் தடவித் தின்றான். பேச்சில் நடுநடுவே கிரேக்கம் கலந்திருந்தது. ஆனால் பேச்சின் முடிவில் போடும் நம் ஊர் 'லா' மட்டும் அப்படியே இருந்தது.

மறுநாள் காலை, "வாங்க, பக்கத்துல ஒரு சரித்திரத் தீவு இருக்கு, காட்டுறேன்" என்று படகில் ஏற்றினான். தீவின் பெயர் டெலோஸ்.

படகு என்றால் நம் செந்தோசா படகு மாதிரி என்று நினைத்துவிட்டேன். தப்பு! துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் காற்று பிடித்துக்கொண்டது. படகு ஏறுகிறது, இறங்குகிறது... என் காலைப் பலகாரமும் கூடவே ஏறி இறங்குகிறது. லூர்து ஒரு கையில் சேலைத் தலைப்பையும் மறு கையில் செபமாலையையும் பிடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று என் தோளை இடித்தாள்.

"அங்க பாருங்க. கேப்டனும் செபமாலை உருட்டுறாரு."

பார்த்தேன். பெரிய மீசை வைத்த கேப்டன். ஒரு கை சுக்கானில். மறு கையில் மணிகள் உருண்டுகொண்டிருந்தன.

"எவ்வளவு பக்தியான மனுசன்" என்றவள், அடுத்த நொடியே முகம் வெளுத்தாள். "அவரே செபம் பண்றாருன்னா... படகு அவ்வளவு ஆபத்துலயா இருக்கு?"

சவரி விழுந்து விழுந்து சிரித்தான். அது செபமாலை இல்லையாம். சும்மா கைக்கு ஒரு வேலையாக அந்த ஊர் ஆண்கள் உருட்டும் மணிகளாம்.

சிரிப்பு அடங்கியதும் டெலோஸ் கதையைச் சொன்னான். கிரேக்கர்களின் ஒளிக் கடவுள் பிறந்த இடமாம் அது. அதனால் அந்தக் காலத்தில் அங்கே ஒரு சட்டம். தீவில் யாரும் பிறக்கக் கூடாது. யாரும் சாகவும் கூடாது. பிள்ளை பெறப் போகிறவர்களையும் சாகக் கிடக்கிறவர்களையும் படகில் ஏற்றி எதிர்த் தீவுக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவார்களாம்.

"பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாதுன்னா, அங்க என்னதான்டா பண்ணாங்க?" என்றாள் லூர்து.

"வியாபாரம் பண்ணாங்கக்கா. நம்ம ஊர் மாதிரி வரி இல்லாத துறைமுகம். எங்கெங்கிருந்தோ ஆளுங்க வந்து, கடை போட்டு, ஒரே கூட்டம்."

"இப்போ?"

"இப்போ பல்லிதான் இருக்கு."

எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. வரி இல்லாத துறைமுகக்காரர்கள் யாராக இருந்தாலும் கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கும்.

படகு கரை தொட்டது. எல்லோரும் இறங்கினார்கள். லூர்து இறங்கும்போது கேப்டன் கை கொடுத்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்துப் பளிச்சென்று சொன்னாள்.

"தேங்க் யூ. வீ கோ அண்ட் கம், அங்கிள்!"

அங்கிளுக்கு அவளைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். அதை விடுங்கள். அந்த 'கோ அண்ட் கம்' எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாதா என்ன? 'போயிட்டு வர்றோம்.' நாம் 'போறோம்' என்று சொல்ல மாட்டோம். நாக்கு வராது. பக்கத்துக் கடைக்குக் கிளம்பினாலும் 'போயிட்டு வர்றேன்'தான். டாக்டரிடம்கூட 'வர்றேன் டாக்டர்' என்றுதான் சொல்லிவிட்டு எழுந்திருக்கிறோம். டாக்டரிடம் திரும்பி வர யாருக்காவது ஆசையா? ஆனாலும் சொல்கிறோம்.

சவரி தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, இந்த ஊர்ல பைன்னு சொன்னாப் போதும். இப்படிச் சொன்னா நெசமாவே திரும்பி வருவேன்னு நினைச்சுக்குவாங்க. எந்தப் படகுல வேணாலும் திரும்பலாம் லா."

"நினைச்சுக்கட்டுமே" என்றாள் லூர்து.

டெலோஸில் மரம் கிடையாது. நிழல் கிடையாது. முழங்கால் உயரத்துக்கு முள், அதன் நடுவே தூணும் சுவருமாக ஓர் ஊரே உடைந்து கிடக்கிறது. லூர்து ஒவ்வொரு வீடாக எட்டிப் பார்த்து, "இது நம்ம ஹாலைவிடச் சின்னது", "இது பரவாயில்லை, மூணு ரூம் ஃபிளாட்" என்று அளந்துகொண்டே வந்தாள். பளிங்குச் சிங்கங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தோம். சிங்கப்பூர்க்காரி சிங்கத்தைக் கண்டால் விடுவாளா? ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, என்னைப் படம் பிடிக்கச் சொன்னாள். காற்றில் முகம் தேய்ந்துபோய், அவை வாயைப் பிளந்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கடைசிச் சிங்கத்தின் அருகே லூர்து பேச்சை எடுத்தாள்.

"தம்பி, எப்படா வீட்டுக்கு வர்றே?"

"அப்பா கூப்பிடட்டும், வர்றேன்."

"அவருக்கு யாரையாச்சும் கூப்பிட்டுப் பழக்கம் உண்டாடா? அம்மாவையே 'இந்தா'ன்னுதானே கூப்பிட்டாரு!"

சவரி சிரிக்கவில்லை. "கிளம்புற அன்னிக்கு அவர் முன்னால போய் நின்னேன்க்கா. போயிட்டு வர்றேன்ப்பான்னு சொன்னேன். பேப்பரைத் தூக்கி மூஞ்சிக்கு நேரா வச்சிக்கிட்டாரு. அதுதான் அவரு பதில். நான் வர்றது அவருக்குப் பிடிக்கல."

"அவருக்கு உடம்பு சரியில்லடா. ரெண்டு வாட்டி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துட்டாரு."

"அதுக்கு நான் போய் நின்னா இன்னும் கோவம்தான் வரும். உனக்குப் புரியாது. விடு லா."

'விடு லா' என்ற அந்த இரண்டு சொல்தான் வினை. அவ்வளவு தூரம் பறந்து வந்தவளிடம் சொல்கிற வார்த்தையா அது? லூர்து சேலையை இடுப்பில் செருகினாள். குன்றுப் பக்கமாக விறுவிறுவென்று நடந்துவிட்டாள். சவரி எதிர்ப்பக்கம் போனான். அக்கா தம்பி சண்டைக்குள் போகக் கூடாது என்பது கல்யாணமான நாளாக எனக்குத் தெரிந்த பாடம். நான் சிங்கங்களோடு இருந்துகொண்டேன்.

படகு நேரம் வந்தது. அது அன்றைய கடைசிப் படகு. தீவில் இரவு யாரும் தங்கக் கூடாது. சவரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏற்கெனவே படகில் உட்கார்ந்திருந்தான். வந்தபோது இருந்த அதே படகு, அதே கேப்டன், வெயிலில் தக்காளியாகச் சிவந்திருந்த ஜெர்மன்காரக் கூட்டம். எல்லோரும் ஏறிவிட்டார்கள். லூர்துவைக் காணோம்.

கோபத்தில் இருக்கிறாள், இப்போது வந்துவிடுவாள் என்று நினைத்தேன். வரவில்லை. ஜெர்மன்காரர்களை அழைத்து வந்த கைடு அம்மாள் பச்சைக் குடையால் படகைத் தட்டி, கிரேக்கத்தில் படபடவென்று ஏதோ சொன்னார். கேப்டன் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டு, இன்ஜினை அணைத்தார். ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தார். மணிகளை எடுத்து உருட்டத் தொடங்கினார்.

"என்னடா சொல்றாங்க?" என்றேன் சவரியிடம்.

அவன் முகம் மாறியிருந்தது.

"அந்தம்மா, படகை எடு, தீவுக் காவலருங்க பார்த்துக்குவாங்கன்னு சொல்றாங்க, மச்சான். அதுக்கு இவரு..."

"என்ன?"

"'போறேன், வருவேன்னு என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லிட்டுப் போனாங்க. இன்னும் வரல. நான் எப்படிக் கிளம்புறது?'ன்னு கேக்குறாரு."

சொல்லி முடித்தவன் எழுந்தான். படகிலிருந்து கரைக்கு ஒரே தாவல். அந்தத் தொப்பையோடு அவன் ஓடிய ஓட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. நானும் பின்னால் ஓடினேன். ஓடினேன் என்பது பேச்சுக்கு. மூச்சு வாங்க வாங்க, "லூர்து! லூர்து!" என்று கத்திக்கொண்டு நடந்தேன். அந்த ஒளிக் கடவுளுக்கு அன்று லூர்து மாதாவின் பெயர் நன்றாகவே கேட்டிருக்கும்.

பழைய நாடக அரங்கம் ஒன்று, படிப்படியாகக் கல் இருக்கைகளோடு. அதன் கீழ்ப்படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். செருப்பு வார் அறுந்து, கால் பிசகி, கணுக்கால் வீங்கியிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தாளாம். காற்றில் யாருக்கும் கேட்கவில்லை. அவளைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அழுகையும் வந்தது. அதைத் தும்மல் மாதிரி செய்து சமாளித்தேன்.

சவரி குனிந்து கை நீட்டினான். "எழுந்திருக்கா. உனக்காகப் படகு நிக்குது."

லூர்து அந்தக் கையைப் பார்த்தாள். பிடிக்கவில்லை.

"நிக்கட்டும். நீ வீட்டுக்கு வர்றேன்னு சொல்லு. அப்பதான் எழுந்திருப்பேன்."

எப்படி இருக்கிறது கதை? கால் வீங்கிக் கிடக்கிறது, ஒரு படகு நிறைய ஆள் வெயிலில் காய்கிறது, இவள் அங்கே உட்கார்ந்து பேரம் பேசுகிறாள்!

"அக்கா, வெளையாடாத. அப்பா என்னைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டிருக்காரா இத்தனை வருஷத்துல? சொல்லு. ஒரே ஒரு வார்த்தை."

லூர்துவின் குரல் இறங்கியது.

"கேட்டதில்லடா. ஆனா கோயில்ல யாராச்சும், 'உங்க மகன் எங்க?'ன்னு கேப்பாங்க இல்ல? 'வெளிய போயிருக்கான், வருவான்'னு சொல்லுவாரு. கப்பல்ல இருக்கான், வெளிநாட்டுல இருக்கான்னு இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. ஆறு வருஷமா இதே பதில்தான். 'வெளிய போயிருக்கான், வருவான்.' போயிட்டு வர்றேன்னு நீதானே சொல்லிட்டு வந்தே?"

சவரி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு அவளைக் கேட்காமலே தோளில் சாய்த்துத் தூக்கினான். அவளும் இந்தத் தடவை தடுக்கவில்லை. அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன்.

ஜெர்மன்காரர்கள் முறைத்தார்கள். வீங்கிய காலைப் பார்த்ததும் முறைப்பை விட்டுவிட்டு, ஆளுக்கொரு மருந்தை எடுத்து நீட்டினார்கள். கேப்டன் மணிகளைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"யூ கோ, யூ கம். குட்!" என்று சொல்லி, இன்ஜினைப் போட்டார்.

திரும்பும்போதும் படகு அதே ஆட்டம் ஆடியது. சவரி அக்காவின் காலை மடியில் வைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டே வந்தான். பாதி வழியில் மெதுவாகச் சொன்னான்.

"பார்க்கலாம்க்கா."

தமிழில் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? வேலை கேட்டுப் போனவரிடம் சொல்வது. கல்யாணத்துக்கு அழைத்தவரிடம் சொல்வது. நானும் நிறையச் சொல்லியிருக்கிறேன். ஒன்றையும் பார்த்ததில்லை. லூர்துவுக்கும் அது தெரியும். அதனால்தான் சிங்கப்பூருக்கு வந்ததும் எனக்குத் தடை போட்டாள்.

நாலு மாதம். தபால்காரர் வரும் நேரம் லூர்து கீழே போய் நிற்பாள். மாமனாரிடம் கிரீஸ் பற்றி ஒரு பேச்சும் எடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. தன் வீட்டு அலமாரியில் இருந்த சம்பல் பாட்டில் இரண்டு எங்கே போயிற்று என்று மட்டும் ஒரு தடவை கேட்டார்.

பிறகு ஒரு நாள் சவரியிடமிருந்து போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாங்கி ஏர்போர்ட்டில் வந்து இறங்குகிறானாம். லூர்து உட்லண்ட்ஸுக்கு ஓடினாள். கதவைத் திறந்த அப்பாவிடம் மூச்சு விடாமல் விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். "ஏர்போர்ட்டுக்கு வர்றீங்களாப்பா?" என்று கேட்டதற்கு, "நான் எதுக்கு? சொந்த ஊருக்கு வர்றவனுக்கு வழி தெரியாதா?" என்று உள்ளே போய் டிவியைப் போட்டுவிட்டார். லூர்து வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு அழுதாள். வருகிறவன் அப்பா முகத்தைத்தானே முதலில் தேடுவான்? அதைப் பார்க்காவிட்டால் அடுத்த கப்பலைத் தேடிப் போய்விட மாட்டானா?

ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் நேராக ஏர்போர்ட்டுக்குப் போனோம். வருகையாளர் வாசலில் நல்ல கூட்டம். அதில் எல்லோருக்கும் முன்னால், கம்பியைப் பிடித்துக்கொண்டு, பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் மாமனார் நின்றிருந்தார். உட்லண்ட்ஸிலிருந்து பஸ் மாறி மாறி, எங்களுக்கு முன்பே வந்திருக்கிறார். எங்களைப் பார்த்ததும், "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றார். சாங்கிக்கு யாராவது சும்மா வருவார்களா?

கண்ணாடிக் கதவு திறந்தது. சவரி தள்ளுவண்டியோடு வந்தான். அப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். பின்னால் வந்தவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். லூர்து என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள். மாமனார் மகனை மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை பார்த்தார். தொப்பையில் கொஞ்சம் நிதானித்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏண்டா லேட்டு?" என்றார்.

ஃபிளைட் சரியான நேரத்துக்குத்தான் வந்திருந்தது.